ஐந்து நிமிட ஓட்டத்துக்கு எந்த பேட்டரி?

சென்ற இதழில் ரேடியோ கட்டுப்பாட்டு டிரக் பந்தயத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பேட்டரியைப் பற்றியே கேட்கின்றன. டயரைப் பற்றிக் கேட்டவர்களும் ஷாக் அப்சார்பர் எண்ணெயைப் பற்றிக் கேட்டவர்களும் பொறுத்துக்கொள்ளவும். இந்த முறை பேட்டரி மட்டும்தான்.

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: என் டிரக் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர இயக்கம், 3300 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டார். கூடவே வந்தது 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. நண்பர்கள் "மூன்று செல் லிப்போ போடு, பறக்கும்" என்கிறார்கள். போடலாமா ஐயா?

பறக்கும் தம்பி. எங்கே போய் இறங்கும் என்பதுதான் கேள்வி.

3300 கே.வி. என்றால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்று. லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரியில் செல் ஒன்றின் பெயரளவு அழுத்தம் 3.7 வோல்ட். இரண்டு செல் போட்டால் 7.4 வோல்ட், 24,420 சுற்று. மூன்று செல் போட்டால் 11.1 வோல்ட், 36,630 சுற்று. பல்சக்கரத்தை மாற்றாமல் மூன்று செல்லுக்குத் தாவினால் மோட்டாரும் ஈ.எஸ்.சி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இழுக்கும் கரண்ட் எகிறும், சூடு ஏறும். மே மாத வெயிலில் நான்காவது சுற்றிலேயே வண்டி தானாக நின்றுவிடும். சூடு தாங்காமல் ஈ.எஸ்.சி. தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரி, மோட்டாரின் சிறிய பல்சக்கரமான பினியனில் பல்லைக் குறைத்துச் சூட்டைச் சமாளிக்கலாம் என்றால், கூடிய வேகமும் அதோடு போய்விடும். பிறகு எதற்கு மூன்றாவது செல்?

இன்னொன்று, பத்தில் ஒரு பங்கு டிரக் வகுப்புகளில் பொதுவான விதியே இரண்டு செல்தான். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் பேட்டரியைத்தான் அனுமதிப்பார்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஓட்டத்துக்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்கும் இடங்களும் உண்டு. ஆகவே இரண்டு செல் லிப்போ வாங்குங்கள்.

7.2-க்கும் 7.4-க்கும் 0.2 வோல்ட்தானே வித்தியாசம் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் இழுத்தால் நிக்கல் பேட்டரியின் வோல்ட் சரிந்துவிடும், லிப்போ அவ்வளவு சரியாது. எடையிலும் ஏறக்குறைய நூறு கிராம் குறையும். முதல் நாளே கையில் தெரியும்.

வாங்கிய கையோடு இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஈ.எஸ்.சி.யில் பேட்டரி வகையை லிப்போவுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் செல் காலியானாலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும், 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல் பழைய நிலைக்குத் திரும்பாது. மாற்றினாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பல ஈ.எஸ்.சி.கள் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும். ஒரு செல் 3.5, இன்னொன்று 2.9 என்றாலும் கூட்டினால் 6.4, அதன் கணக்கில் எல்லாம் நலம். அதனால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகத் தொடும் பேலன்ஸ் வயரில் செருகும் சிறிய அலாரம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், காதைப் பிளக்கும்.

இரண்டாவது காரியம், பழைய நிக்கல் சார்ஜரை வீட்டில் வேறு யாரும் எடுத்துச் செருகாத இடத்தில் வைப்பது. நிக்கல் பேட்டரி நிறைந்ததும் வோல்ட் லேசாக இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் அந்தச் சார்ஜர் நிற்கும். லிப்போவில் அப்படி ஓர் இறக்கமே வராது. சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும், நெருப்பில்தான் முடியும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: ரிச்சி தெருவில் இரண்டு பேட்டரி காட்டினார்கள். இரண்டும் 5000 எம்ஏஹெச். ஒன்றில் 50 சி என்றும் மற்றதில் 120 சி என்றும் போட்டிருக்கிறது. இரண்டாவதன் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொடுக்கும் பணத்துக்கு ஈடு உண்டா?

கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு கரண்டைப் பேட்டரி தரும் என்று சொல்வதுதான் சி. லேபிளில் உள்ளதை அப்படியே பெருக்கிப் பாருங்கள். 5000 எம்ஏஹெச் என்பது 5 ஆம்பியர் மணி. அதை 120-ஆல் பெருக்கினால் 600 ஆம்பியர். 7.4 வோல்ட்டில் அது 4,440 வாட். மூன்று ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றாக ஓடும் சுமையை உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வயர் வழியாகத் தரும் என்கிறது அந்த லேபிள். நம்புகிறவர்கள் நம்பலாம். சி எண்ணை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. அச்சடிப்பவர் மனம் எவ்வளவு தாராளமோ, எண் அவ்வளவு.

நான் பார்ப்பது உள்தடை, அதாவது கரண்டுக்குப் பேட்டரியே உள்ளுக்குள் காட்டும் தடை. ஓரளவு நல்ல சார்ஜர் எல்லாமே ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் மில்லி ஓமில் காட்டும். பந்தயத்துக்கு உகந்த புது 5000 பேட்டரியில் செல்லுக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லி ஓம் வரை இருக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லி ஓம் என்றால் செல்லுக்கு 0.18 வோல்ட் சரிவு. 10 மில்லி ஓம் என்றால் 0.6 வோல்ட், இரண்டு செல்லுக்கும் சேர்த்து 1.2 வோல்ட். தாவலுக்கு முன் வேகம் தேவைப்படும் அந்த நொடியில் அவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது. எங்கும் போய்விடவில்லை, சூடாக மாறிப் பேட்டரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 3 மில்லி ஓம் செல்லில் 11 வாட், 10 மில்லி ஓம் செல்லில் 36 வாட்.

கடையில் சார்ஜரைச் செருகி உள்தடையைக் காட்டச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்? ஒரே சார்ஜரில், ஒரே வெப்பத்தில் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். வெயிலில் வைத்திருந்த பேட்டரியில் உள்தடை குறைவாகக் காட்டும், ஏ.சி. அறையில் இருந்ததில் கூடுதலாகக் காட்டும். எண் சின்னதாக இருப்பதைவிட இரண்டு செல்லும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது முக்கியம். 2-ம் 2.2-ம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். 2-ம் 5-ம் என்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

தராசு கிடைத்தால் எடையையும் பாருங்கள். ஒரே அளவுப் பெட்டியில், ஒரே எம்ஏஹெச் எழுதியிருக்க, ஒன்று மட்டும் கணிசமாக இலேசாக இருந்தால், எழுதியிருக்கும் 5000 உள்ளே இல்லை என்று சந்தேகப்படலாம்.

50 சி என்று அடக்கமாகப் போட்டிருக்கும் பேட்டரி உள்தடையில் தேறினால் அதையே வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தை நல்ல சார்ஜரில் போடுங்கள். பேட்டரிக்குக் கைகூசாமல் செலவழித்துவிட்டு, கிடைத்த சார்ஜரில் செருகுகிறவர்கள் நம்மில் அதிகம். அந்தப் பேட்டரி ஒரு சீசன்கூடத் தாங்குவதில்லை.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்: நீளமான பேட்டரியா, குட்டை பேட்டரியா? எத்தனை எம்ஏஹெச் வாங்கினால் நடுவழியில் நிற்காது?

இரண்டாவது கேள்விக்கு உங்கள் சார்ஜரே பதில் சொல்லும். முழு சார்ஜ் ஏற்றி, பந்தய வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு வண்டிகளுக்குத் தகுதிச் சுற்று வழக்கமாக அவ்வளவுதான். பிறகு ஆறவைத்துத் திரும்ப சார்ஜ் செய்யுங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று திரையில் வரும். 2200 எம்ஏஹெச் போயிருந்தால் உங்கள் செலவு அதுதான். லிப்போவில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும், ஆகவே 2200-ஐ 0.8-ஆல் வகுத்தால் 2750. பேட்டரி பழசாகும், ஒரு நாள் தரை மணலாக இருக்கும், இறுதிச் சுற்று இன்னும் கொஞ்சம் நீளும் என்று சேர்த்துக்கொண்டாலும் 4000 தாராளம். 7000, 8000 என்று வாங்கி முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடுவது யாருக்காக? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அரை மணி நேரம் விளையாட என்றால் அது வேறு, பெரியதையே வாங்குங்கள்.

நீளமானது ஏறக்குறைய 139 மில்லிமீட்டர், குட்டை 96. அகலம் இரண்டிலும் 47 சொச்சம். முதலில் டிரக்கின் பேட்டரி தட்டை அளந்து பாருங்கள், எது உட்காரும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும். இரண்டும் உட்காரும் என்றால் நான் குட்டையைத்தான் எடுப்பேன். எடை குறைகிறது என்பது சின்னக் காரணம். அதைத் தட்டில் முன்னும் பின்னும் நகர்த்திப் பஞ்சுத் துண்டு வைத்து நிறுத்தலாம் என்பதுதான் பெரிய காரணம். பழைய மகாபலிபுரம் சாலைக்கு உள்ளே காலி மனைகளில் நாம் ஓட்டும் தரை புழுதித் தரை. அங்கே பேட்டரியைப் பின்னால் தள்ளினால் பின்சக்கரத்தில் பாரம் ஏறும், பிடிமானம் கிடைக்கும். கார்ப்பெட் விரித்த உள்ளரங்கத்தில் பிடிமானத்துக்குக் குறைவில்லை. அங்கே முன்னால் தள்ளாவிட்டால் வளைவில் ஸ்டீயரிங் கேட்காது. ஒரு விரற்கடை நகர்த்தினாலே வித்தியாசம் தெரிகிறது. நீளமான பேட்டரி தட்டை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், நகர்த்த இடமே இருக்காது.

அசோக் நகரிலிருந்து ஒரு தாய்: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். இரவில் படுக்கையறையில் இந்த பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான். காலையில் எடுத்தால் சூடாக இருக்கிறது, கொஞ்சம் உப்பியது போலவும் தோன்றுகிறது. "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறான். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும் அம்மா. இந்தக் கடிதத்துக்கு அஞ்சலிலேயே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்ற வீடுகளுக்கும் ஆகும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

உப்பியது போலத் தோன்றினால் உப்பியதுதான். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. அந்த பேட்டரியை இனி சார்ஜ் செய்யக் கூடாது. குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பேட்டரியை மண் போட்ட சட்டியில் வைத்து, மொட்டை மாடியில் நிழலும் மழை மறைவும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

புதிது வாங்கினால் வீட்டுச் சட்டம் இதுவாக இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது யாராவது விழித்து, அருகில் இருக்க வேண்டும். ஒரு சி வேகத்தில், அதாவது 5000 எம்ஏஹெச் பேட்டரிக்கு 5 ஆம்பியரில் வைத்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இரவு முழுவதும் போட வேண்டிய தேவையே இல்லை. சாயங்காலம் படிக்கும்போது பக்கத்து அறையில் போடட்டும். மெத்தை, திரைச்சீலை, புத்தக அலமாரி எதுவும் அருகில் கூடாது. சிமென்ட் தரையில் அகலமான மண் தொட்டியை வைத்து அதற்குள் பேட்டரி. லிப்போ பை என்று விற்பதும் உதவும், ஆனால் பை இருக்கிறதே என்று கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள். புகை வந்தால் முதலில் மெயின் சுவிட்ச். எட்டும் தூரமென்றால் மணலைக் கொட்டுங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு, உள்ளே நின்று வேடிக்கை பார்க்கும் புகை அல்ல.

மகனிடம் காட்ட ஒரு சின்ன விஷயம். கெட்டிக்கூட்டு பேட்டரிகளில் வயரை நேரடியாகத் துளையில் செருகுவார்கள். அந்த வயரின் மறுமுனையில் இரண்டு வாழைப்பழ பிளக் மூடாமல் நிற்கும். பேட்டரியில் முதலில் செருகிவிட்டால் அந்த இரண்டு பிளக்கும் உயிரோடு தொங்கும், ஒன்றையொன்று உரசினால் வெல்டிங் பட்டறைதான். ஆகவே முதலில் சார்ஜரில், அப்புறம் பேட்டரியில். கழற்றும்போது முதலில் பேட்டரியில், அப்புறம் சார்ஜரில். சிவப்பு வயர் பிளஸ் துளையில் போகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செருகினாலும் தப்பில்லை. பேலன்ஸ் வயரையும் ஒவ்வொரு முறையும் செருக வேண்டும், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

பந்தயம் இல்லாத வாரங்களில் முழு சார்ஜில் அலமாரியில் போடுவதுதான் உப்பலுக்குப் பெரிய காரணம். சார்ஜரில் "ஸ்டோரேஜ்" என்று ஒரு முறை இருக்கும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் கொண்டுவந்து நிறுத்தும். அதில் வைத்து எடுத்து வைக்கட்டும். கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போவது முழு சார்ஜைவிட மோசம்.

ஆவடியிலிருந்து ஒருவர்: ஸ்கூட்டரின் 12 வோல்ட் பேட்டரியை டிரக்கில் பொருத்த முடியுமா?

வண்டி அதைச் சுமக்காது, அதுதான் வண்டியைச் சுமக்கும். ஆனால் கார் பேட்டரி ஒன்றை மைதானத்துக்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு நண்பர்கள் கூடிவிடுவார்கள். பல சார்ஜர்கள் 12 வோல்ட்டிலும் ஓடும். காலி மனையில் மின்சாரத்துக்கு வேறு வழி?

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர்: பேட்டரி புதியது, உள்தடையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் வண்டி மந்தம். கனெக்டர் தொட்டால் கொதிக்கிறது.

கொதிப்பது கனெக்டர் என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். கடற்கரைக் காற்று உங்கள் பகுதியில் பூட்டையே விடுவதில்லை, பித்தளை முள்ளை விடுமா? பிளக்கைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை படிந்திருந்தாலும், முலாம் தேய்ந்து கறுத்திருந்தாலும், செருகும்போது விரலில் இறுக்கம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பழைய வண்டிகளோடு வந்த வெள்ளை டமியா பிளக் என்றால் பார்க்கவே வேண்டாம், அது இவ்வளவு கரண்டுக்கு ஆனதல்ல. எக்ஸ்டி 60 என்கிற பிளக் போதும். மைதானத்தில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்களோ அதையே வைத்துக்கொண்டால் அவசரத்துக்குக் கடன் கேட்கலாம்.

ஈயம் பற்றவைக்கும்போது பேட்டரியின் இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டாதீர்கள். ஒரே கத்தரி வாய்க்குள் இரண்டும் அகப்பட்டால் கத்தரியின் வாயில் பள்ளம் விழும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். 25 வாட் அயர்ன் வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் தேய்த்தால் வயர் உறைதான் உருகும். 60 வாட், அகன்ற முனை, மூன்று நான்கு நொடி. ஈயம் தண்ணீர் போல ஓடிப் பளபளப்பாக உறைய வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: செத்துப்போன லிப்போக்களை என்ன செய்வது? உப்புத் தண்ணீரில் போட்டால் போதும் என்கிறார்களே?

உப்புத் தண்ணீர் முதலில் முனையைத்தான் அரிக்கும். முனை போனபின் உள்ளே மிச்சம் இருக்கும் சார்ஜ் அப்படியே நிற்கும், நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். காரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை வயரில் பற்றவைத்து, வெட்டவெளியில் வைத்து, பேட்டரியோடு சேருங்கள். பல்பு அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, முனைகளை டேப்பால் மூடுங்கள். நசுங்கியதற்கும் பொத்தல் விழுந்ததற்கும் இதுகூட வேண்டாம், மணலில் வைத்தபடியே ஒப்படைத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. பேட்டரியை நாட்டுக்குள் இறக்குமதி செய்பவரும் அதில் அடக்கம். அதனால் வாங்கிய கடையில் கேட்கத் தயங்க வேண்டாம். அங்கே கைவிரித்தால் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் மட்டும் போடாதீர்கள். அந்த வண்டியின் அழுத்தும் தகட்டுக்கு அடியில் லிப்போ சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஓட்டுநரும் குடும்பஸ்தர்தான்.

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர்: வெளியூர்ப் பந்தயத்துக்கு விமானத்தில் போகிறேன். பேட்டரியை விடுவார்களா?

விடுவார்கள், கைப்பையில் இருந்தால். தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. 100 வாட் மணி வரை முன்அனுமதி தேவையில்லை. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி. இரண்டு செல், 5000 என்றால் 37. நான்கு செல், 5000 என்றால் 74. ஆறு செல்லில் 111 ஆகிவிடுகிறது, அதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு முனைகளை டேப்பால் மூடுங்கள். முழு சார்ஜில் கொண்டுபோகாமல் ஸ்டோரேஜ் அளவில் கொண்டுபோங்கள், ஏற்றுவதைப் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை எடுத்துச் செல்லலாம் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறலாம், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வாட் மணியையும் வோல்ட்டையும் காட்டும் லேபிள் பேட்டரியில் உரியாமல் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனை செய்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.